மோட்டர்ஹோமில் முதலில் தேட வேண்டியது தண்ணீர்

இங்கிலாந்தில் பழைய மோட்டர்ஹோம் (ஓட்டிக்கொண்டு போய் உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை மைல் ஓடியிருக்கிறது, டைமிங் பெல்ட் மாற்றியாயிற்றா, கிளட்ச் எப்படி. எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் எஞ்சினில் எது போனாலும் அதற்கு ஒரு விலை உண்டு, செய்துதர ஊருக்கு ஊர் பட்டறை உண்டு. பின்னால் இருக்கும் வீட்டுப் பகுதியில் மழைத் தண்ணீர் புகுந்து மரச்சட்டம் இற்றுப்போனால் கதை வேறு. சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பல ஆயிரம் பவுண்டு ஆகும்.

லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஸ்காட்லாந்து பக்கம் சுற்ற ஒரு வண்டி தேடிக்கொண்டிருந்தார். அவருக்காக ஒரு வண்டியை ஒரு பகல் முழுக்கச் சோதித்தோம். வாங்கிய பிறகு அதிலிருந்த கசிவையும் சரிசெய்தோம். செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி: ஃபியட் டுகாட்டோ வேன் அடித்தளத்தில் கட்டிய, கூரை உயரம் குறைந்த ரகம். 2017-இல் பதிவானது, 2.3 லிட்டர் டீசல், நாலு பேர் படுக்கலாம், நாலு இருக்கைக்கும் பெல்ட் உண்டு. கேட்ட விலை 42,000 பவுண்டு.

புறப்படும் முன்

முதலில் ஓட்டுநர் உரிமம். 1997 ஜனவரி 1 முதல் இங்கே கார் தேர்வில் தேறியவர்கள், சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரையிலான டீசல் வண்டியைத்தான் ஓட்டலாம். இந்திய உரிமத்தை இங்கே அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது, புதிதாகத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் நம் ஆட்களில் பெரும்பாலானோருக்கு இந்த 3,500 தான் எல்லை. விளம்பரத்தில் அழகாக இருக்கும் 3,850 கிலோ, 4,250 கிலோ வண்டிகளை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

அடுத்தது யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குத் தினக் கட்டணம் போடும் லண்டன் வளையம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நிர்வாகப் பகுதிகள்) அந்த வளையத்துக்குள் வந்துவிட்டன. யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாத டீசல் வண்டியை வீட்டு வாசலிலிருந்து எடுத்தாலே ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. இதில் பதிவான ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. அடித்தள வண்டி முன்பே தயாராகி, வீட்டுப் பகுதி கட்டி, விற்றுப் பதிவாக மாதக்கணக்கில் ஆகலாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதில் உடனே வரும். இந்த வண்டி யூரோ 6 தான்.

எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனையின் வரலாற்றை அரசுத் தளத்தில் எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். நான் அதில் மூன்று விஷயம் தேடுவேன். மைல் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காக ஏறுகிறதா, ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்களா, அடித்தளத் துரு பற்றி ஏதாவது உண்டா. இதில் 2020-க்கும் 2021-க்கும் இடையே மைல் அசையவே இல்லை. ஊரடங்கு ஆண்டு, புரிந்துகொள்ளலாம். பின் டயர்களின் ரப்பர் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது என்று ஒரு குறிப்பு இருந்தது. எம்.ஓ.டி. என்பது சாலையில் ஓடத் தகுதியா என்று பார்ப்பது மட்டுமே. உள்ளே ஓதம் இருக்கிறதா, கேஸ் அடுப்பு பாதுகாப்பா என்பதெல்லாம் அதில் வராது. அதற்கு ஆண்டுதோறும் தனியாக ஹாபிட்டேஷன் சர்வீஸ் என்று செய்வார்கள், அதில் சுவர் ஈர அளவுகளைப் படத்தோடு தருவார்கள். விற்பவரிடம் அந்தத் தாள்களை எடுத்து வைக்கச் சொன்னோம். கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் கொஞ்சம் பணம் கட்டிப் பார்த்தாயிற்று.

போனிலேயே இரண்டு வேண்டுகோள் வைத்தோம். எஞ்சினை நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஃபிரிட்ஜை முதல் நாள் இரவே மின்சாரத்தில் போட்டு வையுங்கள். கம்ப்ரசர் இல்லாத இந்த ஃபிரிட்ஜ் குளிர்ந்து வரப் பல மணி நேரம் எடுக்கும். போய் இறங்கியபின் போட்டால் நல்லதா கெட்டதா என்று தெரியாது.

மூன்றாவதாக ஒன்று தானாக அமைந்தது. மழை. விற்பவர் காலையில் அழைத்து, "மழையாக இருக்கிறதே, வேறு நாள் வருகிறீர்களா?" என்று கேட்டார். நண்பரும் யோசித்தார். நான் இன்றைக்கே போகலாம் என்று சொன்னேன். இரவெல்லாம் மழையில் நின்ற வண்டி கிடைப்பது வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம்.

வெளியே

பையில் கொண்டுபோனவை: இரண்டு முள் வைத்த ஈரமானி, டார்ச், சிறிய கண்ணாடி, மல்டிமீட்டர், முழங்கால் போட ஒரு பாய், கொஞ்சம் தாள், பென்சில். நண்பரின் வேலை தாளில் வண்டியின் வரைபடம் போட்டு அளவுகளைக் குறிப்பது. இதைத் தவற விடாதீர்கள். எண்களை மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது, படத்தில் பார்த்தால்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

பானெட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. லாக் புக்கில் (வண்டியின் பதிவுச் சான்று) இருக்கும் சேஸி எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டோம். பானெட்டைத் திறந்ததும் டுகாட்டோவில் பார்க்க வேண்டிய இடம், முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. 2006-இல் வந்த தலைமுறையிலிருந்தே அங்கே மூட்டுகள் வழியாகத் தண்ணீர் எஞ்சின் மேல் சொட்டும் என்பது இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சொட்டுவது இன்ஜெக்டர்கள் இருக்கும் இடத்தில். துருப்பிடித்தால் பிறகு அவற்றைக் கழற்றுவதே பெரும் போராட்டம். இதில் மூட்டுகளுக்கு முந்தைய உரிமையாளர் யாரோ சீலன்ட் போட்டிருந்தார், மழையிலும் எஞ்சின் மேல்பகுதி காய்ந்திருந்தது. நிம்மதி.

டயரின் பக்கச் சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். இதில் 2216. அதாவது 2016-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர்கள்தான். பட்டன் நிறைய இருந்தது, ஆனால் ரப்பரில் மெல்லிய வெடிப்புகள். மோட்டர்ஹோம் டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். நின்ற இடத்திலேயே முழு எடையையும் தாங்கிக்கொண்டு குளிர்காலம் முழுக்க இருக்கிறது அல்லவா. நாலும் புதிதாகப் போட வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

அப்புறம் உடம்பைச் சுற்றி மெதுவாக ஒரு நடை. மூலைப் பட்டைகள், ஜன்னல் விளிம்புகள், வெய்யில் பந்தல் மாட்டும் தண்டவாளத்தின் ஸ்க்ரூக்கள், பின் விளக்குகள், கூரைக் கண்ணாடி. எங்கெல்லாம் ஓட்டை போட்டு ஒன்றை மாட்டியிருக்கிறார்களோ அங்கெல்லாம் தண்ணீர் நுழைய வழி உண்டு. யாராவது பின்னாளில் வெள்ளை சிலிக்கோனை அப்பியிருந்தால் அங்கே ஏற்கெனவே ஒரு கசிவு இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. இடது பின் விளக்கின் கண்ணாடிக்குள் மட்டும் ஆவி படிந்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. வலது பக்க விளக்கு தெளிவாக இருந்தது. படத்தில் ஒரு வட்டம் போட்டோம்.

உள்ளே: ஈரத்தைத் துரத்துதல்

கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். பூட்டிக் கிடந்த வண்டியில் ஓத வாடை மறையாது. வாசனைத் திரவம் தெளித்திருந்தால் கேள்வி கேளுங்கள். மெத்தை, தொலைக்காட்சி, விளக்கு அலங்காரம் எதையும் பார்க்க வேண்டாம் என்று நண்பரின் மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தோம். படுக்கை விரித்துப் பார்ப்பதெல்லாம் கடைசியில்.

இந்த வண்டிச் சுவர் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால் தேடுவது எளிது. வெளியே ஃபைபர் அல்லது அலுமினியத் தோல், நடுவில் தெர்மாகோல் மாதிரியான நுரை, ஓரங்களில் மரச்சட்டம், உள்ளே தாள் ஒட்டிய மெல்லிய ப்ளைவுட். தண்ணீர் உள்ளே வந்தால் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். சுவர்த்தாளில் சுருக்கம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

ஈரமானியை முதலில் வண்டியின் நடுவில், சந்தேகமில்லாத ஒரு உட்சுவரில் வைத்து அளந்தேன். 11 காட்டியது. அதுதான் ஒப்பிடும் அடிப்படை. முள் குத்தும் அடையாளம் தெரியாதபடி பட்டைகளுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும்தான் குத்த வேண்டும், அதற்கும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான். பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30-ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே பேச வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று பெரிய எண் வந்தால் பதற வேண்டாம். பின்னால் உலோகமோ பளபளப்புத் தாளோ இருந்தாலும் அப்படிக் காட்டும். இரண்டு விரல் தள்ளி மறுபடி குத்திப் பாருங்கள்.

ஓட்டுநர் பகுதிக் கூரை வீட்டுக் கூரையோடு சேரும் இடம், கூரைக் கண்ணாடிகளின் நாலு மூலை, ஒவ்வொரு ஜன்னலின் கீழ் மூலை, உடை அலமாரியின் உள்பக்கம், இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் பெட்டிகள். எல்லாம் 11, 12, 13 என்றே வந்தன. குளியலறைச் சுவர் 14. பின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு இடது மூலையில் குத்தியபோது 24. கீழே தரையை ஒட்டி 28. வலது மூலையில் அதே உயரத்தில் 12.

இங்கேதான் படம் உதவியது. குளிர்காலத்தில் மூச்சுக்காற்று படிந்து வரும் ஈரம் எல்லா இடத்திலும் சற்றே கூடுதலாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கசிவு அப்படி இருக்காது. ஒரு புள்ளியில் உச்சம், அங்கிருந்து விலக விலக இறக்கம். மூலையிலிருந்து மேலே ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போனேன். விளக்கின் உயரம் வரை 20-க்கு மேல், விளக்கைத் தாண்டியதும் 13. கூரையிலிருந்து வரவில்லை. விளக்கிலிருந்துதான் இறங்குகிறது.

அடுத்த கேள்வி, மரம் கெட்டுவிட்டதா. உள்ளே ஓரப்பட்டையை ஸ்க்ரூ கழற்றி விலக்கி, சட்டத்தைச் சின்ன ஊசியால் அழுத்திப் பார்த்தேன். நல்ல மரத்தில் ஊசி இறங்காது. இறங்கவில்லை. நிறம் லேசாக மாறியிருந்தது, ஸ்க்ரூ தலைகளில் மேலோட்டமான துரு. கசிவு புதியது. ஊசி வெண்ணெயில் போல இறங்கியிருந்தால் அப்போதே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்போம், எவ்வளவு விலை குறைத்தாலும்.

தாள்களைப் புரட்டினால், முந்தைய ஆண்டு ஈர அறிக்கையில் அதே மூலை 13. அப்படியானால் கசிவு ஒரு வருடத்துக்குள் வந்தது. விற்பவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். வயதான தம்பதி, வண்டியை நன்றாக வைத்திருந்தவர்கள். எங்களோடு அவரும் குனிந்து பார்த்துத் தன் தாளில் எண்களை எழுதிக்கொண்டார்.

தரையையும் விடக் கூடாது. இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவே நுரை வைத்து ஒட்டிய தரை அது. பசை விட்டுப்போனால் கதவுக்கு அருகிலும் அடுப்புக்கு முன்னாலும் கால் வைத்ததும் மெத்தென்று இறங்கும். குதிகாலை அழுத்திக்கொண்டு அங்குலம் அங்குலமாக நடந்தேன். கெட்டியாக இருந்தது.

உள்ளிருந்து வரும் தண்ணீர், கேஸ், மின்சாரம்

தொட்டியை நிரப்பச் சொல்லி பம்பைப் போட்டோம். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது பம்ப் கொஞ்சம் ஓடி அழுத்தம் ஏறியதும் நின்றுவிட வேண்டும். யாரும் குழாயைத் தொடாமல் சில நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாக ஒரு துடிப்புத் துடித்தால் எங்கோ சொட்டுகிறது. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டோம். சத்தமில்லை. குளியல் தட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன்.

சூடாக்கிக்குள் தண்ணீர் நிற்கும்போது உறைபனி அடித்தால் அதன் தொட்டி பிளந்துவிடும். ட்ரூமா கோம்பி மாதிரியான சூடாக்கிகளில் 3 டிகிரி அளவுக்குக் குளிர்ந்ததும் தானே தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு உண்டு. ஆகவே குளிர் நாளில் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகினால் பழுது என்று எண்ணிவிடாதீர்கள், உள்ளே சூடேற்றிவிட்டு வால்வை மூடிப் பாருங்கள். கேஸிலும் மின்சாரத்திலும் தனித்தனியாக ஓட்டி வெந்நீர் வருகிறதா என்று பார்த்தோம்.

கேஸ் பெட்டியில் ரப்பர் குழாயின் மேல் அச்சிட்ட தேதி, ரெகுலேட்டரின் தேதி. பெட்டியின் அடியில் இருக்கும் துளை அடைபட்டிருக்கக் கூடாது. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும். இதில் காய்ந்த இலைகள் அடைத்திருந்தன, எடுத்துப் போட்டோம். அடுப்புச் சுடர் நீலம். ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்திருந்தது. அதன் பின்புறக் காற்றுத் திறப்பைக் கழற்றி மஞ்சள் கறையோ அமோனியா வாடையோ உண்டா என்றும் பார்த்தாயிற்று. அது இருந்தால் குளிரூட்டும் பகுதி முடிந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி காலாவதியாகியிருந்தது. பிள்ளைகள் தூங்கப்போகும் வண்டி, அதைப் புதிதாகப் போடாமல் ஒரு இரவும் தங்கக் கூடாது.

வீட்டுப் பகுதி பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டியது. அதை மட்டும் பார்த்தால் போதாது. விளக்கு, பம்ப், சூடாக்கி விசிறி எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டு அளந்தோம். அரை மணிக்குப் பிறகும் 12.4-இல் நின்றது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 14-ஐத் தாண்டியது, சார்ஜ் ஏறுகிறது.

பின் இருக்கைகளின் மெத்தையைத் தூக்கி, பெல்ட் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம் அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு இருக்கையில் குழந்தை இருக்கை வைக்கக் கூடாது. இங்கே இரண்டும் முன்னோக்கியவை, தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்த பெல்ட்.

ஓட்டிப் பார்த்ததைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. குளிர்ந்த எஞ்சின் சட்டென்று பிடித்தது, புகையில்லை, மேட்டில் ரிவர்ஸ் எடுத்தபோது உதறவில்லை. டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது மட்டும் இல்லை. 2.3 லிட்டர் எஞ்சினில் இருப்பது பெல்ட்தான், சங்கிலியில்லை. மைல் குறைவு என்று விட்டுவிட முடியாது, வயதானாலே மாற்ற வேண்டியது.

விலையும் வேலையும்

டயர், பெல்ட், கசிவு மூன்றையும் தாளில் எழுதி விற்பவர் முன் வைத்தோம். பேரம் என்று பெரிதாக நடக்கவில்லை. எண்கள் அவருக்கும் தெரியும். 39,800-க்கு முடிந்தது.

விளக்கின் வேலையை வீட்டில் செய்தோம். நாலு ஸ்க்ரூ கழற்றியதும் விளக்கு கையில் வந்தது. நுரை கேஸ்கெட் தட்டையாகி ஒரு மூலையில் இடைவெளி விட்டிருந்தது. அதைவிட முக்கியம், வயர் சுவருக்குள் நுழையும் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் நழுவி வெளியே தொங்கியது. விளக்குக்குள் நிறைந்த தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுவருக்குள் போயிருக்கிறது.

அவசரப்பட்டு உடனே மூடிவிடக் கூடாது. மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். துளைக்கு மேல் மழை படாமல் பிளாஸ்டிக் தாளை மேல் ஓரம் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டோம். உள்ளே ஓரப்பட்டையைக் கழற்றி வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டோம். குளிரில் வேலை செய்யும் டெசிக்கன்ட் ரகம் வேண்டும், சாதாரண ரகம் குளிர்ந்த வண்டியில் சோர்ந்துவிடும். 28 படிப்படியாக 22, 17 என்று இறங்கி 13-இல் நின்றது. அதற்குப் பிறகுதான் பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹால் வைத்துத் துடைத்து, புதிய ரப்பர் வளையம் மாட்டி, கேஸ்கெட்டுக்குப் பதிலாக ப்யூட்டில் டேப் சுற்றி விளக்கைப் பூட்டினோம். ப்யூட்டில் கடைசிவரை மென்மையாக இருக்கும், வண்டி குலுங்கினாலும் விரிசல் விடாது. வயரை விளக்குக்குள்ளேயே கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுத்தான் துளைக்கு ஏற்றினோம். இனித் தண்ணீர் வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் ஏறாது. வலது விளக்கையும் அதே மாதிரி கழற்றிச் செய்தோம், அதன் கேஸ்கெட்டுக்கும் அதே வயதுதானே.

கடைசியாக எடை. தயாரிப்பாளர் சொல்லும் வெற்று எடை 2,965 கிலோ, ஓட்டுநரையும் சேர்த்து. 3,500-க்கு மீதி 535. மனைவி, பிள்ளைகள் 130, பந்தல் 35, இரண்டாவது பேட்டரி 25, சைக்கிள் ரேக்கும் சைக்கிள்களும் 70. மிஞ்சுவது 275. இதற்குள் தண்ணீர், துணி, நாற்காலி, அரிசி, பாத்திரம் எல்லாம். வெட் கிரைண்டரை வீட்டில் வைத்துவிட்டு மாவாக அரைத்து எடுத்துப் போவது என்று முடிவானது.

பயணத்துக்கு ஏற்றிய நிலையில் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். மொத்தம் 3,410. கணக்கில் சரி. ஆனால் பின் அச்சு 1,960, அதன் எல்லை 2,000. காரணம் ரேக். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 3.8 மீட்டர், ரேக் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால். அங்கே 50 கிலோ தொங்கினால் பின் அச்சில் 76 கிலோ ஏறும், முன் அச்சில் 26 குறையும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் எடை குறைந்தால் ஈரப் புல்லில் சக்கரம் வெறுமனே சுற்றும். பெரியவர்களின் சைக்கிளை இறக்கிவிட்டு, கேன்களையும் கருவிப் பெட்டியையும் பின் கட்டிலுக்கு அடியிலிருந்து சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் மாற்றினோம். மறுபடி மேடையில் ஏற்றியபோது பின் அச்சு 1,880. டயர் காற்றழுத்தத்தை அந்த எடைக்கு ஏற்பப் போட்டுக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள்.